படமும் கணக்கும்: பாயான் பாரு முக்குளிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாயான் பாருவிலும் அதை அடுத்த சுங்கை ஆரா, ரெலாவ், பாயான் லெப்பாஸ் பகுதிகளிலும் வாழ்ந்து, விடுப்பு நாள்களில் காற்று உருளை சுமந்து கடலுக்கடியில் மூழ்கச் செல்லும் தமிழ் நண்பர் குழுக்களுக்கு,

உருளையில் அடைத்த காற்றைச் சுவாசித்தபடி, மேற்பரப்போடு குழாய்த் தொடர்பு எதுவும் இல்லாமல் நீருக்கடியில் உலவும் முறையே ஸ்கூபா முக்குளிப்பு எனப்படுகிறது. 1943-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும், மூழ்குபவர் மூச்சை இழுக்கும் கணத்தில் மட்டும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றை விடுவிக்கும் ரெகுலேட்டரை உருவாக்கிய பிறகே இது பொதுமக்கள் கைக்கு வந்தது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970-களில் எழுப்பிய புதுநகரமான பாயான் பாருவுக்கும், 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியோருக்குக் கடல் எப்படியாவது கடந்து முடிக்க வேண்டிய தொலைவாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ பயிற்சிக் கட்டணம் செலுத்தி அதற்குள் இறங்குகிறார்கள். இது மகிழத்தக்க மாற்றம். அந்த மகிழ்ச்சியோடு ஒரு கோரிக்கையையும் முன்வைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது. இக்குழுக்கள் கடலுக்கடியில் படம் எடுப்பதோடு நில்லாமல் கணக்கும் எடுக்கத் தொடங்க வேண்டும் என்பதும், அதைச் சிப்பாடானிலோ மாலைத்தீவிலோ தொடங்காமல் அருகிலுள்ள பாயார் தீவில் தொடங்க வேண்டும் என்பதுமே அக்கோரிக்கை.

கெடா மாநிலத்தைச் சேர்ந்த பாயார் தீவு, மலாக்கா நீரிணையின் வடபகுதியில், லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 19 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. நீளம் 2 கிலோமீட்டர் அளவே உள்ள இத்தீவும், லெம்பு, காச்சா, செகந்தாங் என்னும் மூன்று சிறு தீவுகளும் சேர்ந்து ஒரே கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் வழி அமைந்த இப்பாதுகாப்பு, நீர் மிகவும் வற்றியிருக்கும்போது தெரியும் கரைக்கோட்டிலிருந்து 2 கடல் மைல் வரை நீள்கிறது. அதற்குள் மீன்பிடிப்பதும் பவளத்தைப் பெயர்ப்பதும் குற்றமாகும். தீவில் இரவு தங்க விடுதி இல்லை. கோலா கெடாவிலிருந்தோ லங்காவியிலிருந்தோ காலையில் படகேறிப் போய் மாலையில் திரும்ப வேண்டும். தென்மேற்கு முனையில் மென்பவளங்கள் செறிந்த ‘பவளத் தோட்டம்’ இருக்கிறது. காச்சா தீவை ஒட்டி, சட்டத்தை மீறி மீன்பிடித்துப் பிடிபட்ட படகுகள் செயற்கைப் பாறைகளாகும்படி மூழ்கடிக்கப்பட்டுள்ளன. கொள்ளையடித்த படகு களவா மீனுக்குக் குடியிருப்பாக மாறியிருப்பது நீதித்துறை சிந்திக்காத நல்ல தீர்ப்பு.

பாயாரைப் பற்றி எழும் வழக்கமான குறை, நீர் தெளிவாக இல்லை என்பது. குறை உண்மைதான். மலாக்கா நீரிணை ஆழமற்றது; இருபுறமும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன; ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் அடித்தட்டுச் சேறு கிளறப்படுகிறது. ஆகவே நல்ல நாளில் பத்து மீட்டருக்கு அப்பால் தெரியும் பாறை, கலங்கிய நாளில் கைநீட்டும் தொலைவிலேயே மங்கிவிடக்கூடும். மாலைத்தீவையும் இலட்சத்தீவுகளையும் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். அத்தீவுகள் உருவான விதமே வேறு. கடலடியிலிருந்து எழுந்த எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளப்பாறை மட்டும் ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போக, இறுதியில் தீவு மறைந்து, நடுவில் அமைதியான காயலும் சுற்றிலும் பவள வளையமும் எஞ்சுகின்றன என்று சார்லஸ் டார்வின் 1842-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆறு எதுவும் கலக்காத அக்காயல்களில் நீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். சபா மாநிலத்தின் சிப்பாடானும் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்திலிருந்து எழும் பெருங்கடல் தீவாகும். பாயாரோ நிலத்தட்டின் மேல், கரையை ஒட்டி வளர்ந்த பாறைகளைக் கொண்டது. வண்டலையும் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டு வாழும் பவளங்கள் எவை, தாங்காமல் மடிபவை எவை என்னும் கேள்விக்கு விடை தேடுவோருக்கு மாலைத்தீவைவிட இந்தக் கலங்கல் நீரே அதிகம் கற்பிக்கும்.

கணக்கெடுப்பு பற்றிப் பேசுவதற்கு முன், கணக்கெடுப்பவர் உயிரோடும் நலத்தோடும் திரும்புவது பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பாயான் பாருவின் வாழ்க்கை முறையில் முக்குளிப்புக்கு ஒவ்வாத கூறுகள் சில உண்டு. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்று போதுமான ஒருவருக்கு 10 மீட்டரில் 40 லிட்டரும் 20 மீட்டரில் 60 லிட்டரும் தேவைப்படும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால் 2,200 லிட்டர் கிடைக்கும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் எஞ்சும் 1,650 லிட்டர், 10 மீட்டரில் 40 நிமிடத்துக்கும் 20 மீட்டரில் 27 நிமிடத்துக்கும் தாக்குப்பிடிக்கும். பதற்றத்தில் மூச்சிரைப்பவருக்கு இதில் பாதி நேரங்கூடக் கிடைக்காது. மேலேறும்போது கணக்கு தலைகீழாகிறது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேற்பரப்பை அடையும்போது இருமடங்காக விரிய முயலும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் திசு கிழியும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முக்குளிப்புப் பயிற்சியின் முதல் விதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத இடர் நைட்ரஜனிலிருந்து வருகிறது. அழுத்தம் கூடக்கூடச் சுவாசக் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. மூழ்கியவர் விரைந்து மேலேறினால் அது வெளியேற நேரமின்றிக் குமிழிகளாகித் திசுக்களை அழுத்துகிறது. மூட்டுவலி, மரத்துப்போதல், கால் செயலிழத்தல் எனப் பல வடிவங்களில் வெளிப்படும் இந்நிலையை அழுத்தநீக்க நோய் என்பர். பிரித்தானிய உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளைக் கொண்டு ஆய்ந்து, 1908-இல் படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டப்படும் டைவ் கம்ப்யூட்டர் அதே மரபில் வந்த கணிப்பைத்தான் நொடிக்கு நொடி செய்கிறது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவதும் வழக்கமான முன்னெச்சரிக்கைகள்.

இவ்விதிகளைப் பயிற்றுநர்கள் எல்லா ஊரிலும் சொல்லித் தருவார்கள். பாயான் பாருவுக்கே உரியவை வேறு சில உண்டு. தொழிற்சாலையில் 12 மணிநேர இரவுப் பணியை முடித்த கையோடு காரை ஓட்டிக்கொண்டு கோலா கெடாவுக்குப் போய்க் காலைப் படகைப் பிடிப்பதைச் சிலர் வீரமாகக் கருதுவதுண்டு. தூக்கமின்மை, களைப்பு, உடலில் நீர்க் குறைவு ஆகியவை அழுத்தநீக்க நோய்க்கு வழிவிடுபவையாகக் கருதப்படுகின்றன. தூங்காத மனம் காற்றளவுக் காட்டியைப் பார்க்க மறப்பதும் இயல்பு. இரவுப் பணிக்கும் முதல் முக்குளிப்புக்கும் இடையே ஒரு முழு இரவுத் தூக்கம் வேண்டும் என்பதைக் குழுக்கள் தங்கள் விதியாக்கிக் கொள்வது நல்லது. அடுத்தது வானூர்தி. காலையில் மூழ்கிவிட்டு மாலையில் லங்காவியிலிருந்து பாயான் லெப்பாஸ் நிலையத்திற்குப் பறந்து வந்தால் வீடு பக்கம் என்னும் எண்ணம் கவர்ச்சியானது. ஆனால் வானூர்திக்குள் காற்றழுத்தம் குறைவு. ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் 12 மணிநேரமும், பலமுறை மூழ்கிய பின் 18 மணிநேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் அமைப்பு அறிவுறுத்துகிறது. மூன்றாவது, குறுகிய பயணம் என்பதால் யாரும் நினைத்துப் பாராதது. ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் செல்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பினாங்குக் கொடிமலையின் உச்சி 833 மீட்டர். ஞாயிறு காலை மூழ்கிவிட்டு மாலையில் வெளியூர் விருந்தினரைக் கொடிமலை ரயிலில் ஏற்றிச் செல்லும் திட்டத்தையும், கேமரன் மலைக்குக் காரில் புறப்படும் திட்டத்தையும் மறுநாளைக்குத் தள்ளிவைப்பதே முறை. நோய் வந்துவிட்டால் மறுஅழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். அதற்கான வசதி பேராக் மாநிலத்தின் லூமுட் இராணுவ மருத்துவமனையில் உள்ளது. அந்த இடமும் வழியும் குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வரலாம். கடலுக்கடியில் இறங்குவது தமிழருக்குப் புதிதன்று என்று மேடைகளில் பேசக் கேட்பதுண்டு. கொற்கை முத்தும் மன்னார் வளைகுடாவும் உடனே வந்துவிடும். அப்பெருமை பொய்யன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடல் வழி வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைக் கண்டு எழுதியிருக்கிறார். இருவர் ஒரு கல்லைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் மேலே இளைப்பாற மற்றவர் கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு இறங்குவார்; பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் ஒரு நிமிடத்திற்கு முன்பின்னாக மூச்சடக்கி, சிப்பிகளைக் கூடையில் வாரிப் போடுவார்; கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்தெடுப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதியவருக்கு அரசே ஊதியம் கொடுத்தது. அம்மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குபவரின் அச்சத்தைக் கட்டியது. ஆனால் அம்மரபில் இன்றைய முக்குளிப்பாளர் கற்க வேண்டியது மூச்சடக்கிய வீரத்தைவிட அதன் நிர்வாகத்தில்தான் அதிகம் இருக்கிறது.

சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், நினைத்த ஆண்டில் நடந்துவிடவில்லை. சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டுகளான பார்களை முதலில் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் பருமனையும் பார்த்து, அழுகவிட்டுக் கழுவிக் கிடைக்கும் முத்துகளை மதிப்பிட்டு, இலாபம் உறுதியானால்தான் சலாபம் அறிவிக்கப்படும். சிப்பி முதிர்ச்சியடைய நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதால், அவசரப்பட்டால் இளஞ்சிப்பிகள் வீணாகும். தாமதித்தால் முதிர்ந்த சிப்பிகள் தாமாக மடியும். இருந்தும் பார்கள் பல ஆண்டுகள், சில வேளைகளில் பல பத்தாண்டுகள், காரணம் தெரியாமல் வெறுமையாகக் கிடந்தன. இலங்கை அரசின் அழைப்பில் 1902-இல் வந்த வில்லியம் ஹெர்ட்மேன் என்னும் விலங்கியலாளர், ஜேம்ஸ் ஹார்னெலின் துணையோடு அப்பார்களை ஆய்ந்து விரிவான அறிக்கைகளை வெளியிட்டார். 1905-இல் இலங்கைப் பார்களிலிருந்து ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1907-க்குப் பிறகு குத்தகைதாரரால் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி கிடைக்கவில்லை. இலங்கையின் இறுதிச் சலாபம் 1925-இலும் தூத்துக்குடியின் இறுதிச் சலாபம் 1961-இலும் நடந்தன.

பேராசையே பார்களை அழித்தது என்று இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. யாரும் குளிக்காத ஆண்டுகளிலும் பார்கள் வெறுமையாயின. நீரோட்டம், மணல் படிதல், சிப்பியைத் தின்னும் மீன்கள் எனக் காரணங்கள் பல முன்வைக்கப்பட்டன. எது எவ்வளவு காரணம் என்று உறுதியாகத் தீர்க்க முடியாமற்போனதற்கு ஒரு முக்கியக் காரணம் ஏட்டிலேயே இருக்கிறது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எத்தனை சிப்பி எடுக்கப்பட்டது, என்ன விலை போனது, குளியாளுக்கு எத்தனை பங்கு என்பதைக் காசுக்குக் காசு எழுதிவைத்தார்கள். எடுக்காமல் விட்ட கடலடி எப்படி இருந்தது என்பதற்கு அதே இடத்தில், அதே முறையில், ஆண்டு தவறாமல் எடுத்த பதிவு இல்லை. அக்குறையைத் தீர்க்கும் கருவி காற்று உருளையோடு வந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் 1960-களில் ஸ்கூபா முறையில் தாங்களே இறங்கி, மன்னார் வளைகுடாவின் கடலடி நில அமைப்பையும் அங்கு வாழும் உயிரினங்களையும் நேரில் கண்டு தொடர் கட்டுரைகளாகப் பதிவுசெய்தார்கள். இந்தியாவில் முக்குளிப்பு சுற்றுலாத் தொழிலாவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அது அறிவுக்கருவியாகிவிட்டது என்பதைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை.

படத்தின் குறைபாடு இங்கேதான் தெளிவாகிறது. முக்குளிப்பாளர் எடுக்கும் படம் பெரும்பாலும் அழகானதைத் தேடி எடுத்த படம். இறந்த பவளத்தின் மேல் பாசி படர்ந்திருக்கும் சாம்பல் நிறத் திட்டை யாரும் நண்பர்களுக்கு அனுப்புவதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தொகுதியிலிருந்து பளபளப்பான சில்லுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்துத் தொகுதி முழுவதும் தரமானது என்று சான்றளிக்கும் ஊழியர் அடுத்த நாள் வேலையில் இருக்கமாட்டார். மாதிரி எடுப்பதற்கு முன்கூட்டியே வகுத்த முறை வேண்டும். அம்முறை ஒவ்வொரு முறையும் மாறாமலிருக்க வேண்டும். எடுப்பவரின் விருப்பத்திற்கு அதில் இடம் இருக்கக் கூடாது. ஆறு நாளும் இந்த ஒழுங்கில் உழைப்போர் ஏழாம் நாள் கடலுக்கடியில் அதை மறந்துவிடுவது வியப்பளிக்கிறது.

அத்தகைய முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1997-இல் உலகளாவிய முதற் கணக்கெடுப்பை நடத்திய ரீஃப் செக் என்னும் அமைப்பு, அறிவியல் பட்டம் பெறாத தன்னார்வலரும் பிழையின்றிச் செய்யக்கூடிய ஒரு முறையை வகுத்திருக்கிறது. ரீஃப் செக் மலேசியா அதற்கான பயிற்சியை அளித்து ஆண்டுதோறும் நாட்டின் பாறைகளில் கணக்கெடுத்து வருகிறது. பாறையின் மேல் 100 மீட்டர் நாடா ஒன்று, ஆழம் மாறாதவாறு விரிக்கப்படுகிறது. அதில் இடையே 5 மீட்டர் விட்டு விட்டு, 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகள் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் அரை மீட்டருக்கு ஒருமுறை நாடாவின் நேர்கீழே இருப்பது என்ன என்று எழுத வேண்டும்: வன்பவளம், மென்பவளம், அண்மையில் இறந்த பவளம், பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைந்த பவளத்துண்டு, மணல், வண்டல். நாடாவின் இருபுறமும் சேர்த்து 5 மீட்டர் அகலத்திற்குள் காணும் குறிப்பிட்ட மீன்களை மட்டும் எண்ண வேண்டும். களவாவும் சங்கராவும் குறைந்தால் மீன்பிடி மிகுதி என்றும், வண்ணத்துப்பூச்சி மீன் குறைந்தால் பவளம் நலிகிறது என்றும் ஊகிக்க அது உதவும். அடுத்த சுற்றில் பெருஞ்சிப்பி, கடலட்டை, சிங்கி இறால், நீண்ட முள்ளுடைய கடல் முள்ளெலி, பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன் ஆகியவை எண்ணப்படும். நீரில் எழுதக்கூடிய தாள், பென்சில், நாடா ஆகிய மூன்றே கருவிகள். ஒரு நீர்க்கேமராவின் விலையில் பத்துக் குழுக்களுக்கு இவற்றை வாங்கித் தரலாம். இதில் ‘வண்டல்’ என்று ஒரு தனிக் கட்டம் இருப்பதைப் பினாங்குவாசிகள் கூர்ந்து நோக்க வேண்டும்.

இத்தகைய பதிவின் பயன் பவள வெளிறலில் உடனே தெரியும். பவளம் என்பது நுண்ணிய விலங்குகளின் கூட்டம். அதன் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துப் பவளத்துக்கு வழங்குகின்றன, அதன் நிறமும் அவற்றால் வருகிறது. கடல்நீரின் வெப்பம் அவ்விடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடும். வெண்ணிறமாகி, உணவின்றி, வெப்பம் தணியாவிட்டால் மடியும். 2010-இல் மலேசியக் கடல் பூங்காக்களில் இது பரவியபோது, பாயார் உட்பட்ட பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை அரசு சில மாதங்களுக்கு மூடியது. 2024 ஏப்ரலில், உலகின் நான்காவது பெருவெளிறல் நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. வெளிறியது எவ்வளவு என்று அன்று கண்ணால் காணலாம். மீண்டது எவ்வளவு என்பதைச் சொல்ல, வெளிறுவதற்கு முந்தைய ஆண்டின் தாள் கையில் இருக்க வேண்டும்.

பாயான் பாருவின் கொல்லைப்புறக் கடலிலும் அத்தகைய முந்தைய தாள் தேவைப்படுகிறது. பினாங்குத் தீவின் தென்கரையில், பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார் மீனவர்களின் கடலில், ஏறத்தாழ 2,300 ஏக்கர் பரப்புள்ள ‘சிலிக்கான் தீவு’ கடலைத் தூர்த்து உருவாக்கப்படுகிறது. மூன்று தீவுகளாகத் திட்டமிடப்பட்ட அது 2023-இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டு, அவ்வாண்டே வேலையும் தொடங்கியது. அங்கே எழப்போகும் தொழிற்சாலைகளில் இக்குழுக்களைச் சேர்ந்தோர் நாளை வேலை பார்க்கக்கூடும். அந்தக் கடலில் இறால் பிடித்து வாழும் அண்டை வீட்டார் தொழில் இழக்கவும் கூடும். அங்கு எழும் வண்டல் பல பத்துக் கிலோமீட்டர் வடக்கே உள்ள பாயாரை எட்டுகிறது என்று சான்றின்றிச் சொல்வதும் தவறு, எட்டாது என்று அளக்காமல் சொல்வதும் தவறு. இவ்விரு தரப்பாரின் கூச்சலுக்கும் நடுவே ஓர் அரை மீட்டர் இடைவெளிப் பதிவு எடை மிகுந்த பேச்சாக இருக்கும். பினாங்குப் பாலத்திற்கு வடக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீர் வற்றும்போது வெளித்தெரியும் மிடில் பேங்க் என்னும் கடற்புல் திட்டு இன்னொரு சான்று. நாள்தோறும் பாலத்தின் மேல் வாகன நெரிசலில் நிற்போரில் எத்தனை பேருக்கு, அருகிலேயே கடற்புல்லும் கடலட்டையும் வாழ்வது தெரியும்? தெலுக் பஹாங் அருகே முகா ஹெட்டில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையத்தாருக்குத் தெரியும்; கேட்டுச் செல்வோருக்கு அவர்களிடம் கற்க நிறைய உண்டு. கலங்கல் மிகுந்த அந்நீரில் மூழ்க முடியாது, நடந்து பார்க்க முடியும். அங்கே சேற்றில் இறங்கத் தயங்குபவர் பவளத் தோட்டத்தில் மட்டும் இயற்கை ஆர்வலராக இருப்பது சற்றுப் பொருந்தாதது.

பாயாரில் நடந்துகொள்ளும் விதம் பற்றி இரண்டே செய்திகள். முதலாவது மிதப்புக் கட்டுப்பாடு. மிதவைச் சட்டையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும், மூச்சின் அளவால் நுணுக்கமாகத் திருத்தியும், ஏறாமலும் இறங்காமலும் நீரின் நடுவே நிற்கும் திறமை கைவராதவர் நாடாவின் அருகே போகவே கூடாது; ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளரும் பெரும்பவளத்தை ஒரு துடுப்புக் காலணி உதை பல்லாண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டாவது உணவிடுதல். பாயாரின் ஆழமற்ற கரையோர நீரில் கருமுனைச் சுறாக் குட்டிகள் திரிவதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். அவற்றுக்கும் மற்ற மீன்களுக்கும் ரொட்டித் துண்டு வீசும் பழக்கம் கருணையாகத் தோன்றினாலும், பாசியைத் தின்று பாறையைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டிய மீனைப் பிச்சைக்காரனாக்குகிறது. கோயில் குளத்தில் பொரி போடும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கைவிடுவது கடினமாக இருக்கலாம், கைவிடத்தான் வேண்டும்.

செயல் அளவில் கேட்கப்படுவது மிகுதியன்று. ஒவ்வொரு குழுவிலும் நான்கு பேர் ரீஃப் செக் மலேசியாவின் பயிற்சியைப் பெற வேண்டும். நால்வர் என்பதற்குக் காரணம், ஒருவர் நாடாவையும் ஒருவர் அடித்தளத்தையும் ஒருவர் மீன்களையும் ஒருவர் மற்ற உயிரிகளையும் பார்த்துக்கொண்டால் ஒரே உருளைக் காற்றில் வேலை முடிந்துவிடும் என்பதே. கடல் பூங்காவை நிர்வகிக்கும் மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே தெரிவித்து, பாயாரில் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே திசையில் நாடாவை விரிக்க வேண்டும். மழை குறைந்து நீர் ஓரளவு தெளியும் ஆண்டின் முதல் மாதங்கள் இதற்கு ஏற்றவை. தைப்பூச விடுமுறையை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடலாம், அந்நாள்களில் தண்ணீர்மலைக்குப் போகாமல் கடலுக்குப் போகிறவரைக் கண்டுபிடிப்பது கடினம். தாளின் ஒரு படி அமைப்பிடமும் துறையிடமும் போக, மற்றொரு படி சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளி போன்ற அக்கம்பக்கப் பள்ளிகளுக்குத் தமிழில் விளக்கத்தோடு போகட்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர் எண்களை வரைபடமாக்கிக் கொடுப்பார்கள். முதல் ஆண்டின் தாளில் ஒப்பிட எதுவும் இராது. இரண்டாம் ஆண்டில் வேறுபாடு தெரிந்தாலும் அது எண்ணியவரின் பிழையா, கடலின் மாற்றமா என்று பிரித்தறிய இயலாது. நான்கைந்து தாள்கள் சேர்ந்த பிறகுதான் அவை பேசத் தொடங்கும். அதற்குள் குழுவில் சிலர் வேலை மாறிச் சிங்கப்பூருக்குப் போயிருப்பார்கள், சிலருக்குக் குழந்தை பிறந்திருக்கும். ஆகவே நால்வருக்குப் பயிற்சி என்பதை ஆண்டுதோறும் புதிதாக இருவருக்குப் பயிற்சி என்று விரித்துக்கொள்வதும், நாடா விரிக்கும் இடத்தின் ஆழத்தையும் திசையையும் அடையாளங்களையும் ஒருவர் தலையில் மட்டும் வைத்திராமல் குழுவின் பொதுக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் இவ்வேண்டுகோளின் பகுதிகளேயாகும்.

அன்புடன்,
பினாங்குக் கடலின்பால் அக்கறை கொண்டோர் சார்பில்